அவசியமில்லாத பொருள் வாங்குவதை எப்படி நிறுத்துவது?

ஒரு வருஷம் தேவையில்லாத எதையும் வாங்காமல் இருக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், பீரோவிலிருந்து தொடங்குங்கள். நான் எல்லாவற்றையும் எடுத்துக் கட்டிலில் போட்டபோது, ஆடித் தள்ளுபடியில் வாங்கிய மூன்று சேலைகள் விலைச்சீட்டு கூடப் பிரிக்காமல், மடிப்பில் நிறம் வெளுத்துக் கிடந்தன. ஒரு பருத்தி டி-ஷர்ட் தயாரிக்கவே சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள், மனசு கனத்துவிட்டது.

மளிகை, மருந்து, பள்ளிச் செலவில் கை வைக்க வேண்டாம். மற்றதைக் காலண்டரில் எழுதி 30 நாள் தள்ளிப்போடுங்கள், பாதிக்கு மேல் மறந்தே போகும். அப்புறம், ஷாப்பிங் ஆப்பில் சேமித்த கார்டை நீக்கிவிடுங்கள், ராத்திரி படுத்துக்கொண்டே வாங்குவதுதான் அதிகம், எழுந்துபோய் கார்டைத் தேட வேண்டும் என்றாலே ஆசை அடங்கிவிடுகிறது. தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கு மட்டும் ஆளுக்கொரு செட் எடுத்தோம், அதில் எனக்கு வருத்தமே இல்லை.