பக்கத்து மனையில் 16 வீடு: மறுப்புக் கடிதத்தில் என்ன எழுதுவது?

கேள்வி: எங்கள் தெருவில் 2,000 சதுர மீட்டர் மனை ஒன்று கைமாறியது. பழைய வீட்டை இடித்து, நான்கு மாடியில் 16 வீடு கட்ட ரீசோனிங் (மனையின் பயன்பாட்டு வகையை மாற்றும் அனுமதி) கேட்டு வேலியில் பலகை மாட்டியிருக்கிறார்கள். 200 கையெழுத்து வாங்கி மனு கொடுத்தால் நின்றுவிடுமா?
— சாட்ஸ்வொர்த் வாசகர், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: கையெழுத்தை மட்டும் நம்பாதீர்கள். முடிவெடுக்கும் மாநகராட்சித் திட்டத் தீர்ப்பாயம் காரணங்களைத்தான் எடைபோடும். 'ஸ்ப்ளூமா' எனப்படும் நிலப் பயன்பாட்டுத் திட்டச் சட்டம் (2013-ஆம் ஆண்டின் 16-ஆம் எண்), 42-ஆம் பிரிவில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. பொதுநலன், சம்பந்தப்பட்டவர்களின் உரிமை, சாலை-தண்ணீர்-சாக்கடையின் நிலை, பள்ளி போன்ற சமூக வசதிகள், திறந்தவெளி எல்லாம் அதில் உண்டு. உங்கள் கடிதமும் அந்த வரிசையிலேயே போகட்டும்.

முதலில் பலகையைப் படம் எடுங்கள். விண்ணப்ப எண்ணும் கடைசித் தேதியும் தெளிவாகத் தெரிய வேண்டும். அந்தத் தேதி தப்பினால் எவ்வளவு நல்ல காரணமும் வீண். பிறகு மாநகராட்சியின் திட்டப் பிரிவுக்குப் போய்க் கோப்பைக் கேளுங்கள். மனை வரைபடம், போக்குவரத்து அறிக்கை, மழைநீர்த் திட்டம் மூன்றையும் பார்க்காமல் பேனாவைத் தொடாதீர்கள்.

வரைபடத்தில் கார் நிறுத்தத்தை எண்ணுங்கள். வீட்டுக்கு ஒன்று, நான்கு வீட்டுக்கு ஒரு விருந்தினர் இடம் என்று வைத்தாலே 20 கார். ஒரு நிறுத்துமிடம் இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம்தான் என்றாலும், திருப்பும் பாதையையும் சேர்த்தால் ஒரு காருக்குச் சுமார் 25 சதுர மீட்டர் பிடிக்கும். மொத்தம் 500 சதுர மீட்டர், அதாவது மனையில் கால் பங்கு. வரைபடத்தில் அந்த இடம் இல்லையென்றால், கார்கள் உங்கள் தெருவோரத்தில்தான் நிற்கும்.

அதைவிடப் பெரிய விஷயம் மழைநீர். சாட்ஸ்வொர்த் மேடும் பள்ளமுமான இடம்; மேல் மனையில் விழும் தண்ணீர் கீழ் வீட்டுச் சுவரில் வந்து முட்டும். பழைய வீட்டின் கூரையும் சிமெண்ட் தரையும் சேர்ந்து 500 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். புதுக் கட்டடமும் தார்த் தரையும் 1,600 ஆகும். ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. மழை கொட்டினால், முன்பு 25,000 லிட்டர் ஓடிய இடத்தில் இனி 80,000 லிட்டர் ஓடும். (தோட்டத்து மண்ணில் வழிவதைக் கணக்கில் சேர்க்கவில்லை.) கூடுதலான 55,000 லிட்டரை எங்கே தேக்கி, எந்தக் குழாய் வழியாக, எவ்வளவு மெதுவாக விடப்போகிறார்கள்? தொட்டியின் அளவும் வெளியேறும் குழாயின் விட்டமும் திட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் 400-க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த மாகாணம் இது. இந்தக் கேள்வியை யாரும் ஒதுக்கித் தள்ளக் கூடாது.

சாக்கடை மேன்ஹோல் பொங்கியிருந்தால் தேதியோடு படமும் மாநகராட்சி தந்த புகார் எண்ணும் இணையுங்கள். "சாக்கடை தாங்காது" என்று பத்துப் பேர் எழுதுவதைவிட மூன்று புகார் எண்ணுக்கு வலு அதிகம்.

இன்னொன்று: பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திர அலுவலகத்தில் அந்த மனையின் பத்திர நகலை வாங்குங்கள். 'ஒரு மனைக்கு ஒரு வீடு' என்ற நிபந்தனை இருந்தால், ரீசோனிங் மட்டும் போதாது; ஸ்ப்ளூமாவின் 47-ஆம் பிரிவின்படி அந்த நிபந்தனையையும் நீக்க வேண்டும். விண்ணப்பத்தில் அதைக் கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

"எந்த மாதிரி ஆட்கள் வருவார்களோ" என்ற வரியைத் தயவுசெய்து எழுதாதீர்கள். 1950-ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டம் இந்த நகரத்தில் எந்த இனத்தவர் எங்கே வாழலாம் என்று கோடு கிழித்தது. டர்பனின் மேகசின் பாரக்ஸ் குடியிருப்பிலிருந்தும் கேட்டோ மேனர் பகுதியிலிருந்தும் நம் தாத்தா பாட்டிகள் பெயர்த்து அனுப்பப்பட்டது அதனால்தான். வாடகைக்கு வீடு தேடும் இளம் குடும்பங்களுக்கு இடம் வேண்டும். 16 வீட்டை அந்த மனை தாங்காது என்று உங்கள் கணக்கு காட்டினால், 10 வீடும் பெரிய தேக்கத் தொட்டியும் கேளுங்கள். வெறும் "வேண்டாம்" என்பதைவிட நிபந்தனை கேட்கும் கடிதமே அதிகம் பலன் தரும்.

கேள்வி: என் வீட்டு விலை விழுந்துவிடும் என்று எழுதலாமா?

பதில்: எழுதலாம், அதை மட்டும் நம்பி நிற்க முடியாது. சொத்து மதிப்பு பாதிக்கப்படுகிறது என்ற ஒரே காரணம் தீர்ப்பாயத்தின் கையைக் கட்டாது என்று ஸ்ப்ளூமாவின் 7-ஆம் பிரிவே சொல்கிறது. வெளிச்சம், தனிமை, தண்ணீர் என்று மதிப்பைக் குறைக்கும் அந்தக் காரணத்தை எழுதுங்கள். நான்காம் மாடி ஜன்னல் உங்கள் முற்றத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று அளந்து போடுங்கள்.

கேள்வி: அனுமதி கொடுத்துவிட்டார்கள். இனி என்ன?

பதில்: உங்கள் உரிமை பாதிக்கப்பட்டிருந்தால், முடிவு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 21 நாளுக்குள் மாநகராட்சி மேலாளருக்குக் காரணங்களோடு எழுத்தில் மேல்முறையீடு செய்யலாம். அதுவும் தோற்றால், 2000-ஆம் ஆண்டின் நிர்வாக நீதிச் சட்டப்படி உயர் நீதிமன்றத்தில் மறுஆய்வு கேட்கலாம். வீண் தாமதம் கூடாது. எப்படிப் பார்த்தாலும் 180 நாளே உச்சவரம்பு. அங்கே வீடு நல்லதா கெட்டதா என்று பார்க்க மாட்டார்கள். முறைப்படி அறிவிப்புக் கொடுத்தார்களா, உங்கள் மறுப்பைப் பரிசீலித்தார்களா என்பதையே பார்ப்பார்கள். அதனால் கடிதம் கொடுத்த அன்றே பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கி வையுங்கள்.