எலும்பு முறிவு ஆறு வாரத்தில் கூடிவிடுகிறது, ஜவ்வுக் கிழிவு மட்டும் ஏன் இழுத்தடிக்கிறது?

தம்பிக்குக் கை எலும்பு முறிந்து, மாவுக்கட்டுப் போட்டு ஆறு வாரத்தில் கூடிவிட்டது; உங்களுக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்து நான்கு மாதமாகியும் முழுதாகத் தேறவில்லை, மென்மையான ஜவ்வுதானே முதலில் ஆற வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் இந்தக் கேள்வியை அடிக்கடி எதிர்கொள்கிறேன். ஆறும் வேகத்துக்கும் மென்மைக்கும் தொடர்பில்லை. அந்த இடத்துக்கு இரத்தம் எவ்வளவு போகிறது என்பதுதான் முக்கியம்.

கோழிக்கால் எலும்பு ஒன்றைக் கழுவி வினிகரில் சில நாட்கள் ஊறவிட்டுப் பாருங்கள். கையால் வளைக்கும் அளவுக்குத் துவண்டுவிடும். அதிலிருந்த கால்சியம் பாஸ்பேட் தாது கரைந்துபோய், கொலாஜன் என்ற புரத நார் மட்டும் மிஞ்சியிருக்கும். உங்கள் ஜவ்விலும், தசையை எலும்போடு கட்டும் தசைநாணிலும் இருப்பது பெரும்பாலும் அதே கொலாஜன்தான். எலும்பு, ஜவ்வு, குருத்தெலும்பு எல்லாமே இணைப்புத் திசுக்கள்.

ஆனால் எலும்புக்குள் இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் இரத்தக் குழாயும் நரம்பும் ஏராளம். முழங்காலுக்குக் கீழே உள்ள முன் எலும்பு கட்டிலில் இடித்தால் உயிர் போவது அதனால்தான். எலும்பு முறிந்ததும் அங்கே இரத்தம் உறைகிறது. இரண்டு மூன்று வாரங்களில் குருத்தெலும்பு கலந்த மென்மையான இணைப்பு உருவாகி, பிறகு அதில் தாது படிந்து கெட்டியாகிறது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில், எலும்பு தன்னைச் செதுக்கிக்கொண்டே இருக்கும். தழும்பாக இல்லாமல் மறுபடி எலும்பாகவே ஆறுவது அதன் பெரும் சிறப்பு.

ஜவ்வு அப்படியல்ல; அதற்கு இரத்த ஓட்டம் குறைவு. மருத்துவர்கள் லிகமென்ட் என்று அழைக்கும் இந்த ஜவ்வு, ஓர் எலும்பை இன்னோர் எலும்போடு பிணைப்பது. முழங்காலின் உட்பக்க ஓரத்தில் உள்ளது கிழிந்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சையின்றியே ஆறிவிடும். மூட்டின் நடுவே உள்ள முன் சிலுவை ஜவ்வு (ஏசிஎல்) முழுதாக அறுந்தால் தானாகக் கூடுவது கடினம். மூட்டுத் திரவம் சூழ்ந்திருப்பதால், அறுந்த முனைகளை இணைக்க வேண்டிய இரத்த உறைவு அங்கே நிலைப்பதில்லை. முழங்கால் மூட்டுக்குள் இருக்கும் மெனிஸ்கஸ் என்ற பிறை வடிவத் தட்டில் வெளிவிளிம்புக்கு மட்டுமே இரத்த ஓட்டம் உண்டு. எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கோ இரத்தமும் இல்லை, நரம்பும் இல்லை. மூட்டு அசைந்து அழுந்தும்போது திரவத்திலிருந்து ஊட்டம் பெற்று வாழ்கிறது. தேய்மானம் தொடங்கியதும் வலிக்காமல், முற்றிய பிறகே பலருக்குத் தெரியவருவதும் இதனால்தான்.

உணவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லோரும் கால்சியம் மாத்திரையைத்தான் கேட்கிறார்கள். கொலாஜன் உருவாகப் புரதமும் வைட்டமின் சி-யும் வேண்டும். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி என்ற நோய் கண்டவர்களுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துத் தேற்றினாரே, அந்த நோயே கொலாஜன் சரியாக உருவாகாததன் விளைவுதான். பருப்பு, முட்டையோடு நெல்லிக்காயும் கொய்யாவும் சாப்பிடுங்கள்.

வீங்கிய மூட்டை உருவித் திருகி நீவ யாரையும் அனுமதிக்காதீர்கள், தயவுசெய்து. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, கிழிந்தது எந்த ஜவ்வு, பாதியா முழுதா, மெனிஸ்கஸ் என்றால் விளிம்பிலா உட்புறத்திலா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு எடையை எப்போது காலில் ஏற்றலாம் என்பதை உங்கள் பிசியோதெரபிஸ்ட் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.