டயருக்கு ஓர் உண்டியல்

கேள்வி: பழைய வேகன்ஆர் வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம், வீடு, மாதம் ஒருமுறை அம்மா வீடு என்று 900 கிலோமீட்டர்தான் ஓடும். பெட்ரோல் செலவு கணக்கில் அடங்குகிறது, மற்றதெல்லாம் இடி மாதிரி வந்து விழுகிறது. போன மாதம் நான்கு டயருக்கு 18,000 ரூபாய். கிரெடிட் கார்டில் தவணை போட்டேன். வருடாந்திர சர்வீஸ் 7,500, இன்சூரன்ஸ் 9,000, பேட்டரி மாற்றியது 5,000. இதற்கெல்லாம் எப்படித் திட்டம் போடுவது? (ஆசிரியை, சேலம்)

பதில்: இடி மாதிரி விழுவது என்றீர்களே, உங்கள் பட்டியலில் அப்படி ஒன்றுகூட இல்லை. டயர் தேயும் என்று வாங்கிய அன்றே தெரியும். எப்போது தேயும் என்பதும் ஏறக்குறைய தெரியும். தெரியாதது ஒன்றுதான்: அந்த மாதம் கையில் காசு இருக்குமா என்பது.

ஆகவே மாதக் கணக்கை விட்டுவிட்டு கிலோமீட்டர் கணக்குக்கு வாருங்கள். புது டயர்கள் 40,000 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொண்டால் 18,000 ரூபாய் என்பது கிலோமீட்டருக்கு 45 பைசா. சர்வீஸ் 7,500ஐ உங்கள் வருட ஓட்டமான 10,800ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 70 பைசா. பிரேக் பேட், வைப்பர், கிளட்ச் போன்றவை என்றாவது கை நீட்டும்; அவற்றுக்கு ஒரு 35 பைசா. மொத்தம் ஒன்றரை ரூபாய். 900 கிலோமீட்டருக்கு 1,350. பேட்டரியும் இன்சூரன்ஸும் வண்டி நின்றாலும் தின்னும், அதனால் அவற்றை மாதக் கணக்கிலேயே வையுங்கள்: நான்கு வருடம் வரும் பேட்டரிக்கு மாதம் 105, இன்சூரன்ஸுக்கு 750. கூட்டினால் 2,200 சொச்சம்.

சம்பளம் ஏறிய மறுநாளே இந்தத் தொகை தனி சேமிப்புக் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் சொல்லிவிடுங்கள். அந்தக் கணக்கை போன் செயலிகளோடு இணைக்காதீர்கள், இணைத்தால் மளிகைக்குப் போய்விடும். கோடை விடுமுறையில் கூடுதலாக 1,500 கிலோமீட்டர் ஓட்டினீர்களா? பயணச் செலவோடு இன்னொரு 2,250ஐயும் உண்டியலில் போட்டுவிடுங்கள். பெட்ரோலோடு பயணக் கணக்கு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம்.

அந்த 45 பைசாவைக் குறைக்க வழி உண்டா என்றால், உண்டு. கடைக்காரரிடம் ஐந்நூறு ரூபாய் பேரம் பேசுவதைவிட டயரை இன்னும் 8,000 கிலோமீட்டர் ஓட வைப்பது லாபம். காற்று சரியாக இருந்தாலே பாதி வேலை முடிந்தது. ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் உங்கள் வண்டிக்கான அளவு இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதை வைக்கக் கூடாது. பங்க்கில் பையன் “35 வைக்கட்டா மேடம்?” என்று கேட்டால் தலையாட்டாமல் உங்கள் எண்ணைச் சொல்லுங்கள். பெட்ரோல் பங்க்கில் காற்று இலவசம். அது நீங்கள் கேட்டு வாங்க வேண்டிய உரிமை. டயர் சூடாகும் முன், வீட்டுக்கு அருகிலுள்ள பங்க்கில், பதினைந்து நாளுக்கு ஒருமுறை பாருங்கள்.

தேய்மானத்தை நீங்களே படிக்கலாம். இரு ஓரமும் தேய்ந்து நடு மேடாக இருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரு பக்க ஓரம் மட்டும் மொட்டையானால்தான் அலைன்மென்ட், அதாவது சக்கரம் நிற்கும் கோணம், கோளாறு. எதற்குப் போனாலும் “அலைன்மென்ட் போச்சு” என்பார்கள். எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: டயரில் பள்ளம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் வருடம் ஆகிவிட்டது, மாற்றுங்கள் என்கிறார் கடைக்காரர். ஏமாற்றுகிறாரா? (வாசகர், மதுரை)

பதில்: அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். இரண்டு விஷயம் பாருங்கள். முதலில் பள்ளம். பக்கவாட்டில் சிறு முக்கோணக் குறியோ டிடபிள்யுஐ என்ற எழுத்தோ இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் ஒரு சின்ன ரப்பர் மேடு தெரியும். 1.6 மில்லிமீட்டர் உயரம். டயர் தேய்ந்து அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் சட்டப்படியும் அதன் ஆயுள் முடிந்தது. மழைக்காலம் வரப்போகிறது என்றால் நான் அதற்கு முன்பே மாற்றிவிடுவேன்.

அடுத்து வயது. டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 3524 என்றால் 2024ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. ஐந்து வருடம் தாண்டிய டயரில் பக்கவாட்டு ரப்பர் பாளம் பாளமாக வெடித்திருந்தால் பள்ளம் இருந்தும் பயனில்லை. வெயிலில் நிற்கும் வண்டிக்கு இது சீக்கிரம் வரும்.

இந்த எண்ணை நான் காசு கொடுத்துக் கற்றேன். 2022 அக்டோபரில் ஒரு கடையில் நல்ல தள்ளுபடி என்று நான்கு டயர் மாட்டிக்கொண்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவும்போது பார்த்தால் 1419. அதாவது 2019 ஏப்ரல். மூன்றரை வருடம் கடையில் தூங்கிய சரக்கு. “பேக்கிங்லயே இருந்தது சார், புதுசுதான்” என்றார் கடைக்காரர், டயருக்கு ஏது பேக்கிங்? மாட்டிவிட்ட பிறகு யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள். ரிம்மில் ஏற்றும் முன்பே நான்கு டயரின் எண்ணையும் பார்த்துவிடுங்கள். சிலவற்றில் அது உள்பக்கம் மட்டும் இருக்கும், மாட்டிவிட்டால் தெரியாது.

கேள்வி: இப்போதைக்கு இரண்டு டயர் வாங்கத்தான் முடியும். முன்னால் போடவா, பின்னால் போடவா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: பின்னால். என்ஜின் இழுப்பது முன்சக்கரம், திருப்புவதும் முன்சக்கரம், அப்புறம் ஏன் பின்னால் என்று மெக்கானிக்கே சண்டைக்கு வருவார். ஈரச் சாலையில் முன்சக்கரம் வழுக்கினால், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி மெல்ல வழிக்கு வரும். பின்சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழலும், நம்மில் பலருக்கு அதை நிறுத்தத் தெரியாது. நல்ல டயர் பின்னால் என்பது டயர் நிறுவனங்களே சொல்லும் பேச்சு. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே மாடல் ஆக இருக்கட்டும்.

கேள்வி: நைட்ரஜன் அடிக்கலாமா? (வாசகி, திருப்பூர்)

பதில்: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இலவசமாகத் தந்தால் சரி.

கேள்வி: புது டயர் விலை கட்டுப்படியாகவில்லை. ரீட்ரெட் செய்ததோ (தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டியது), செகண்ட் ஹேண்டோ வாங்கலாமா? பஸ்ஸிலேயே ரீட்ரெட் டயர்தானே ஓடுகிறது? (வாடகை கார் ஓட்டுநர், திருச்சி)

பதில்: பஸ், லாரி டயரின் உடம்பு ரீட்ரெட் செய்வதற்கென்றே கெட்டியாகக் கட்டப்பட்டது, அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் அதைக் கணக்குப் பார்த்துச் செய்கின்றன. கார் டயர் அப்படி இல்லை. செகண்ட் ஹேண்டில் எனக்கு இன்னும் பயம். மொட்டை டயரில் கத்தியால் புதுப் பள்ளம் வெட்டி, கறுப்பு பாலிஷ் பூசி அடுக்கிவைத்தால் கண்ணுக்குப் புதுசு மாதிரியே இருக்கும். உள்ளே ஒட்டுப் போட்டிருப்பதும் தெரியாது.

அதைவிட, விலையுயர்ந்த கம்பெனியை விட்டு ஒரு படி இறங்குங்கள். ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத கார் டயரை விற்கவே கூடாது, ஆகவே நடுத்தர விலை டயரும் அடிப்படைச் சோதனையைத் தாண்டியதுதான். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததும் நினைவிருக்கட்டும். அன்று 6,400க்கு விற்ற டயர் வரிக் குறைப்பால் மட்டும் 5,900க்கு வர வேண்டும். விலை கேட்கும்போது “மாட்டி, பேலன்ஸ் பண்ணி, வால்வோட, பில்லோட எவ்வளவு?” என்று ஒரே மூச்சில் கேளுங்கள், பழைய டயருக்கு என்ன தருவார் என்பதையும் சேர்த்து. மூன்று கடையில் இப்படிக் கேட்டால் யார் உண்மையில் மலிவு என்று புரிந்துவிடும்.

கேள்வி: எட்டே மாதத்தில் டயர் பக்கவாட்டில் கொப்புளம் மாதிரி வீங்கிவிட்டது. வாரன்டி கிடையாது என்கிறார்கள். இன்சூரன்ஸாவது வருமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: பெரும்பாலும் சாலைப் பள்ளத்தில் வேகமாக விழுந்து உள்ளே இருக்கும் இழை அறுந்தால்தான் இப்படி வீங்கும். வாரன்டி தயாரிப்புக் குறைக்கு மட்டுமே. ஆனால் அதைக் கடைக்காரர் வாயால் சொன்னால் போதாது. நிறுவனத்தின் ஆய்வாளர் பார்த்து, காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பில்லோடு புகார் பதியலாம். வழக்கமான இன்சூரன்ஸில் டயர் மட்டும் கெட்டால் பணம் வராது. விபத்தில் வண்டியும் சேர்ந்து அடிபட்டால் டயர் விலையில் பாதிதான். வீங்கிய டயரோடு நாற்கரச் சாலையில் ஏறாதீர்கள், எந்த நேரமும் வெடிக்கும்.

கேள்வி: ஸ்டெப்னி புதுசாகவே கிடக்கிறது. அதை இறக்கிவிட்டு மூன்று டயர் மட்டும் வாங்கினால் போதாதா? (வாசகர், ஈரோடு)

பதில்: ஓடாமலே வயதாகியிருக்கும், எண்ணைப் பாருங்கள். அளவும் மற்ற நான்கோடு ஒத்துப்போக வேண்டும். இப்போதைய கார்கள் பலவற்றில் வருவது சின்ன ஸ்டெப்னி, 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டாதே என்று அதிலேயே எழுதியிருக்கும். அளவு ஒன்றாக இருந்தால், அடுத்த முறை புது டயர் போட்ட நாளிலிருந்தே அதையும் சுற்றில் சேர்த்து ஐந்தையும் மாற்றி மாற்றி ஓட்டுங்கள்.

முதலில் டிக்கியைத் திறந்து அதில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். இதை எழுதும் முன் என்னுடையதைப் பார்த்தேன். 33 இருக்க வேண்டிய இடத்தில் 14.