யானை நடக்கும் நேரம், வெயில் ஏறும் நேரம்: திருகோணமலையில் எங்கே, எப்போது ஓடுவது?

கேள்வி: நான் உப்புவெளியில் வசிக்கும் ஆசிரியை, வயது 34. வாரத்தில் நான்கு நாட்கள் கடற்கரையோரமாக ஐந்து கிலோமீற்றர் ஓடுகிறேன். மலையும் குளமும் காடும் பார்த்து ஓட ஆசை. என் தம்பியும் வருவதாகச் சொல்கிறான். அவன் என்னைவிட வேகம். திருகோணமலையைச் சுற்றி எங்கே ஓடலாம்? காட்டுப் பாதைகளில் ஓட அனுமதி உண்டா? ஆகஸ்ட் விடுமுறையில் மலையகத்திலும் ஓட விரும்புகிறேன். கால்கள் தாங்குமா?

பதில்: அனுமதியை முதலில் பார்த்துவிடுவோம், எங்கே ஓடலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. சோமாவதி போன்ற தேசியப் பூங்காக்களுக்குள் அனுமதிச் சீட்டு எடுத்து வாகனத்தில்தான் போகலாம். இறங்கி நடக்கவே இடமில்லை. வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஒதுக்குக் காடுகளுக்குள் நுழையவும் அனுமதி பெற வேண்டும். துறைமுகத்தை ஒட்டிய பசுங்குன்றுகள் கண்ணை இழுக்கும். ஆனால் அவற்றில் பெரும்பகுதி கடற்படைக்கு உட்பட்டது. ஆகவே காட்டின் உள்ளே ஓடும் எண்ணத்தை விட்டு, அதன் விளிம்பில் ஓடுங்கள். குளக்கட்டு, வாய்க்கால் கரை, வயல் வீதி, குன்று, கடற்கரை என்று நம் மாவட்டத்தில் விளிம்புகளுக்குப் பஞ்சமில்லை. அழகும் அங்கேதான் அதிகம்.

இடத்தைவிட நேரத்தைத் தேர்வதுதான் கடினம். வெயிலைக் கேட்டால் விடியுமுன் ஓடு என்கிறது. யானையைக் கேட்டால் விடிந்து வெகுநேரம் கழித்து வா என்கிறது. இரண்டும் சரி. அதிகாலையிலும் அந்தியிலும்தான் யானைகள் காட்டுக்கும் குளத்துக்கும் வயலுக்கும் இடையே நடக்கின்றன. இரவு முழுவதும் யானை வெடிக்கும் டோர்ச் வெளிச்சத்துக்கும் விரட்டப்பட்ட யானை, விடியற்காலையில் நல்ல மனநிலையில் இருக்காது. அது மணிக்கு 20 கிலோமீற்றருக்கு மேல் ஓடக்கூடியது; நாம் நல்ல பயிற்சியில் இருந்தாலும் மணல் வீதியில் பத்துப் பன்னிரண்டைத் தாண்டுவது அரிது. ஓடித் தப்பலாம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

இந்தச் சிக்கலை நாட்காட்டியைக் கொண்டுதான் தீர்க்க முடியும். வாடை மழை ஓய்ந்தபின், ஜனவரிக் கடைசி முதல் மார்ச் வரை, காலை ஏழரை மணிக்குத் தொடங்கினாலும் ஒன்பது மணி வரை வெயில் பொறுக்கக் கூடியதாக இருக்கும். குளங்கள் நிறைந்திருக்கும், பெரும்போக வயல்கள் கதிர் முற்றி நிற்கும். குளத்துப் பக்கமும் காட்டு விளிம்பும் அந்த மாதங்களுக்கு உரியவை. மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று அனலை அள்ளி வீசும் காலத்தில் நகரத்தையும் கடற்கரையையும் விட்டு நகர வேண்டாம். அங்கே ஐந்தரை மணிக்கே தொடங்கிவிடலாம்.

நகரத்திலிருந்தே ஆரம்பியுங்கள். பிரெட்ரிக் கோட்டை வாசலிலிருந்து சுவாமி மலைக்கு ஏறும் வீதி, ஏற்றம் பழக நமக்குக் கிடைத்த அருமையான இடம். மரநிழல் உண்டு, இருபுறமும் கடல் உண்டு, மான்கள் குறுக்கே நடக்கும். கோட்டைக்குள் இராணுவம் இருப்பதால் வீதியை விட்டு விலகாதீர்கள். கோணேசர் கோயிலை நெருங்கும்போது நடையாக மாறிவிடுங்கள். வெறுங்காலோடு வேண்டுதலுடன் வருபவர்களுக்கு நடுவே மூச்சிரைக்க ஓடுவது அந்த மலைக்குப் பொருந்தாது. கூட்டம் கூடும் வெள்ளிக்கிழமையையும் திருவிழா நாட்களையும் தவிர்த்துவிடுங்கள்.

கடற்கரையில் ஓடும்போது ஈரமான கெட்டி மணலைப் பிடியுங்கள். கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு பக்க இடுப்புக்கும் முழங்காலுக்கும் பாரம் கூடும். போன வழியிலேயே திரும்பி வந்தால் அது ஓரளவு சமப்படும். உலர்ந்த மணலில் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆரம்பத்தில் வேண்டாம், கெண்டைக்காலும் குதிகாலும் வலிக்கும். காலையில் கரைவலை இழுப்பவர்களைக் கண்டால் கயிற்றைத் தாண்டிக் குதிக்காதீர்கள். இழுப்பவர்களுக்குப் பின்புறமாகச் சுற்றிப் போங்கள்.

அடுத்து தம்பலகாமம். வயல்களுக்கு நடுவே நேராக ஓடும் சரளை வீதிகளும் வாய்க்கால் கரைகளும் முழங்காலுக்கு மென்மையானவை. மாவட்டத்தில் ஓடுவதற்கு ஒரே ஓர் இடம் சொல் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். மாட்டு மந்தைகளும் உழவு இயந்திரங்களும் வரும், வழி விடுங்கள். நெல் காயவைத்திருக்கும் வீதியில் கால் வைக்காதீர்கள்.

குளக்கோட்டன் என்ற பழைய மன்னன் பெயரோடு பேசப்படும் கந்தளாய்க்குளம் நகரிலிருந்து சுமார் 40 கிலோமீற்றர். கட்டின் மேல் ஓடினால் ஒரு பக்கம் நீர்ப்பரப்பு, மறு பக்கம் வயல்வெளி. கட்டின் சரிவுகளில் ஏறி இறங்கிப் பயிற்சி எடுக்க வேண்டாம். 1986 ஏப்ரலில் இந்தக் கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மண்ணைக் குலைக்கும் எதையும் ஊர்மக்கள் விரும்பமாட்டார்கள், அது நியாயமும்கூட. குளத்திலும் ஆற்றிலும் கால் நனைக்க இறங்காதீர்கள், முதலை உண்டு.

வடக்கே திரியாய்க் குன்று உயரம் குறைவானதுதான். ஆனாலும் உச்சியில் நின்றால் கடலும் களப்பும் வயலும் ஒன்றாகத் தெரியும். அங்கே பழைய பௌத்தத் தூபி இருப்பதால் படிகளை நடந்தே ஏறி, கீழேயுள்ள வீதியில் ஓடுங்கள். கன்னியாவில் வெந்நீரூற்றுகள் வரை போகலாம். அதைத் தாண்டிப் பன்குளம், மொறவெவ பக்கம் யானை நடமாட்டம் உள்ளதால் கால்நடையாகப் போகவே வேண்டாம்.

குளத்துப் பக்கம் எங்கு போனாலும், ஓடத் தொடங்குமுன் முதலில் காணும் விவசாயியிடம் “ஐயா, இரவு யானை வந்ததா?” என்று கேளுங்கள். எந்தக் கைபேசிச் செயலியும் தராத தகவல் அது. வந்தது என்றால் அன்று திரும்பிவிடுங்கள். ஈரம் காயாத இலத்தியோ புதிதாக முறிந்த கிளையோ கண்டாலும் அப்படியே. காதில் பாட்டு வேண்டாம். ஓடுபவர் சத்தமின்றி வேகமாக வருவதால் கரடியைத் திடுக்கிட வைத்துவிடுவார், திடுக்கிட்ட கரடி தாக்கும். வளைவுகளில் உரக்கப் பேசிக்கொண்டு போங்கள். பாதையை விட்டுப் பற்றைக்குள் ஒதுங்காதீர்கள்: புடையன் பாம்பு ஒரு காரணம், பன்றிக்கு வைக்கும் கட்டுத்துவக்கும் களவு மின்கம்பியும் அதைவிடப் பெரிய காரணங்கள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் வந்த தடத்திலேயே திரும்புங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், சப்பாத்தைக் கழற்றி, காலை அசைக்காமல் வைத்து 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

வெப்பத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். வெயிலுக்கு உடல் பழகப் பத்து முதல் பதினான்கு நாட்கள் பிடிக்கும். அதுவரை வேகத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் வெறும் தண்ணீர் போதாது. ஜீவனி (வாய்வழி நீரேற்றும் உப்புத்தூள்) கரைத்த நீரோ, உப்பிட்ட எலுமிச்சைச் சாறோ கொண்டுபோங்கள்; செவ்விளநீரை ஓடி முடித்தபின் குடியுங்கள். கூட ஓடுபவர் பேச்சுத் தடுமாறினால், சம்பந்தமில்லாமல் கோபப்பட்டால், அது வெப்பத்தாக்கு. உடனே நிழலில் கிடத்தி, கிடைக்கும் தண்ணீரையெல்லாம் உடலில் ஊற்றி விசிறுங்கள். குளிர வைப்பது முதல் வேலை, வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது அடுத்தது.

மலையகத்துக்கு ஆகஸ்ட் என்றால் அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, உலர்ந்து இந்தப் பக்கம் இறங்குகிறது. நம் கச்சானும் அதே காற்றுத்தான். கண்டிக்கு அருகே ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பீக்கோ நடைபாதையின் சில கட்டங்கள் இந்தப் பக்கமாகவும் போகின்றன. ஒரு நாளுக்கு ஒரு கட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேயிலைத் தோட்டப் பாதையில் கொழுந்து மூட்டையோடு வருபவர்கள் வேலையில் இருப்பவர்கள். நின்று வழி விடுங்கள். ஹோர்ட்டன் சமவெளியில் அனுமதிச் சீட்டுடன் உலக முடிவு என்னும் செங்குத்துப் பாறை விளிம்பு வரை சுற்றிவரும் சுமார் 9 கிலோமீற்றர் பாதை உண்டு. 2,100 மீற்றர் உயரத்தில் மூச்சு சீக்கிரம் வாங்கும், அங்கே நடப்பதே நல்லது.

கால்கள் தாங்கும், இறக்கத்தைப் பழகினால். ஏற்றம் மூச்சைத்தான் சோதிக்கும். தொடைத் தசையை உடைப்பது இறக்கம். வலி மறுநாளோ அதற்கு மறுநாளோதான் தெரியும். ஆகவே இப்போதிருந்தே வாரம் ஒரு முறை சுவாமி மலையில் ஏறி, சிறு சிறு அடிகளாக மெதுவாக இறங்குங்கள். இரண்டு முறையில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒன்று கூட்டி, ஆறு முறை வரை போங்கள். செங்குத்தான இடத்தில் நடப்பதில் குறைவு எதுவுமில்லை. தேர்ந்த மலையோட்டக்காரர்களும் நடக்கிறார்கள். தூரத்தை விட்டு நேரத்தை எண்ணுங்கள். சமதரையில் ஐந்து கிலோமீற்றருக்கு ஆகும் நேரத்தில் மலையில் மூன்றுதான் போக முடியும். சப்பாத்துக்கு இப்போது செலவழிக்க வேண்டாம். சரளைக்கும் குளக்கட்டுக்கும் உங்களிடம் இருப்பது போதும். ஈரப் புல்லும் சேறும் உள்ள மலைக்கு மட்டும் அடியில் ஆழப் பல்லுள்ளது வாங்குங்கள். இறக்கத்தில் நகம் முட்டாதபடி விரல் முன் சிறிது இடம் விட்டு.

தம்பியின் வேகத்துக்கும் ஏற்றமே வழி. சுவாமி மலையில் அவர் மேலே போய், திரும்பி இறங்கி உங்களைச் சந்தித்து, மீண்டும் உங்களோடு ஏறட்டும். இருவருக்கும் முழுப் பயிற்சி கிடைக்கும், யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் மட்டும் அவர் உங்கள் வேகத்துக்கு இறங்கி, பேசும் தூரத்தில் கூடவே ஓட வேண்டும்.