இணையவழிக் கல்வியில் பெரியவர்களின் கற்றலை உண்மையில் வடிவமைப்பவர் யார்?

ஆசிரியரா, கல்விக் கோட்பாட்டாளரா, தொழில்நுட்ப நிறுவனமா என்று கேட்டிருக்கிறீர்கள். பணியாளர்களுக்கான இணையவழிப் பாடங்களை அமைக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் என் பதில் இது: பாடத்துக்குப் பணம் கொடுப்பவரும், கற்றலில் எதைப் பதிவு செய்யலாம் என்பதை மென்பொருளில் முன்கூட்டியே தீர்மானித்தவரும்தான்.

கோட்பாட்டுக்குக் குறைவில்லை. பெரியவர்கள் தம் அனுபவத்தோடு கற்க வருகிறார்கள், உடனடித் தேவையே அவர்களை உந்துகிறது, தம் கற்றலைத் தாமே திட்டமிட விரும்புகிறார்கள் என்றெல்லாம் அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ் 1970களிலேயே விளக்கிவிட்டார்; பாடம் வடிவமைக்கும் நாங்களும் அவர் பெயரைத் தவறாமல் சொல்கிறோம். ஆனால் நடைமுறையை ஆள்வது வேறொன்று. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் முன்முயற்சியில் உருவான 'ஸ்கார்ம்' என்னும் தரநிலையின் (பாடமும் அதை இயக்கும் மென்பொருளும் கற்பவரின் முன்னேற்றத்தைப் பதிவு செய்யும் விதத்தை வரையறுப்பது) 1.2 பதிப்பு 2001இல் வெளிவந்தது. நிறுவனப் பயிற்சிகளில் அது இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. ஒருவர் பாடத்தில் எந்த நிலையில் இருக்கிறார் என்பதைக் குறிக்க அதில் உள்ளவை ஆறே குறிப்புகள்: தேர்ச்சி, தோல்வி, முடிந்தது, முடியவில்லை, புரட்டிப் பார்த்தது, தொடங்கவில்லை. நீண்ட பணி அனுபவமுள்ள ஒருவர், பாடத்தில் சொல்லப்படும் முறையே பிழையானது என்று கண்டுகொண்டால், அதை எந்தக் குறிப்பில் அடக்குவது? பயிற்சிக்குச் செலவிடும் மேலாளரோ எத்தனை பேர் முடித்தார்கள் என்று மட்டுமே கேட்கிறார். அதனால்தான் காணொளி ஓடி முடியும்வரை 'அடுத்து' பொத்தான் மங்கலாகவே இருக்கிறது; தெரிந்த விஷயத்தையே மறுபடி கேட்க வேண்டியவர் ஒலியைக் குறைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

யாரும் சேரக்கூடிய திறந்தநிலைப் பாடங்களிலும் பணத்தின் கை தெரிகிறது. 2011இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இலவசமாகச் சேர்ந்தனர். 2012இல் இத்தகைய பாடங்களை வழங்கும் தளங்களான கோர்செராவும் எட்எக்ஸும் தொடங்கின. 2015 இறுதிக்குள் எட்எக்ஸ் இலவசச் சான்றிதழை நிறுத்திவிட்டது.

விதிவிலக்கும் உண்டு. 2008இல் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தின் வழியாகக் கல்வி ஆய்வாளர்கள் ஜார்ஜ் சீமன்ஸும் ஸ்டீபன் டவுன்ஸும் நடத்திய பாடத்தில் கட்டணம் செலுத்தியவர்கள் ஏறத்தாழ 25 பேர். வெளியிலிருந்து இணைந்தவர்கள் 2,000க்கும் அதிகம். எதைப் படிப்பது, எங்கே எழுதுவது, யாரோடு விவாதிப்பது என்பதைக் கற்பவர்களே முடிவு செய்தனர். அப்படிப்பட்ட பாடத்தில் யார் 'முடித்தார்' என்று அறிக்கை தர வழியில்லை. நிறுவனங்களிடம் அதை விற்பது கடினமாக இருப்பதும் அதனால்தான்.