கம்ப்ரசர் மோட்டாருக்குச் சின்னப் புல்லி போடலாமா?

பழைய 1440 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 1440 சுற்று) மோட்டார் எரிந்து, 2880 மோட்டார் மாட்டியதிலிருந்து கம்ப்ரசர் சூடாகி ட்ரிப் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து இப்படியே ஓட்டாதீர்கள். மோட்டார் வேகத்தை மோட்டார் புல்லியின் (பெல்ட் ஓடும் சக்கரத்தின்) விட்டத்தால் பெருக்கி, கம்ப்ரசர் சக்கரத்தின் விட்டத்தால் வகுங்கள். உங்கள் 3 அங்குலம், 12 அங்குலக் கணக்கில் முன்பு 360 சுற்று, இப்போது 720. அதே அழுத்தத்துக்கு ஏறக்குறைய இரு மடங்கு வேலை, மோட்டார் எப்படித் தாங்கும்?

கணக்குப்படி மோட்டாரில் ஒன்றரை அங்குலப் புல்லி போட்டால் சரி. ஆனால் போடாதீர்கள். ஏ பெல்ட்டை (‘ஏ’ அளவு வி-பெல்ட்) 3 அங்குல விட்டத்துக்குக் கீழே வளைத்தால் பிடிமானம் போய் வழுக்கும், சீக்கிரம் வெடித்தும்விடும். கடையில் பேசி, அதே ஹெச்பியில் 1440 மோட்டாராக மாற்றிக்கொள்ளுங்கள். பழைய புல்லியே போதும். ஷாஃப்ட் விட்டம் பொருந்துகிறதா என்று மட்டும் முதலில் அளந்துவிடுங்கள்.