நாய் ஆட்டைக் கவலைப்படுத்துமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பழைய ஆங்கில நாட்குறிப்பைத் தமிழாக்கி வருகிறேன். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டு நாய்கள் இரவில் இரண்டு செம்மறிகளை 'வொர்ரி' செய்ததாகவும், காலையில் அவற்றைப் புதைத்ததாகவும் துரை எழுதியிருக்கிறார். அகராதியைப் பார்த்து 'கவலைப்படுத்தின' என்று எழுதினேன். என் மகள் சிரித்துவிட்டாள். இச்சொல்லின் பொருள்தான் என்ன? 'ஐ ஆம் வொர்ரியிங்' என்று எழுதுவது சரியா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

ஒரு வாசகர், கோத்தகிரி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் சிரித்தது நியாயம்தான். ஆனால் பிழை உங்களுடையது அன்று, பிற்காலத்துப் பொருளை மட்டும் முதலில் தரும் அகராதியுடையது. பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்குக் குரல்வளையை நெரித்தல் என்றே பொருள். இதன் உடன்பிறப்பான 'வ்யூர்கன்' என்ற ஜெர்மன் சொல் இன்றும் அதே பொருளில்தான் வழங்குகிறது. நாயோ ஓநாயோ ஆட்டின் கழுத்தைக் கவ்வி உலுக்குவதைக் குறித்த இச்சொல், பின்னர் ஒருவரை விடாமல் தொல்லை செய்வதையும், 19ஆம் நூற்றாண்டில் மனிதர் தமக்குள்ளேயே நொந்துகொள்வதையும் குறிக்கலாயிற்று. அதாவது, முதலில் நாய் செய்த வினையைக் கடைசியில் மனிதன் தனக்குத்தானே செய்துகொள்ளத் தொடங்கினான்.

பழம்பொருள் இன்னும் மறையவில்லை. கால்நடைகளை நாய்களிடமிருந்து காப்பதற்காக 1953இல் பிரிட்டனில் இயற்றப்பட்ட சட்டம் இச்சொல்லையே ஆள்கிறது. கடிப்பதை மட்டுமன்றி, ஆட்டுக்குக் கேடு விளையும்படி விரட்டுவதையும் அது இயற்றப்பட்டபோது இச்சொல்லுக்குள் அடக்கியது. ஆகவே எல்லா இடத்திலும் 'கடித்தன' என்று எழுதிவிடவும் முடியாது. ஆட்டுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பார்த்தே சொல்லைத் தேர வேண்டும்.

நம் சொல்லின் வரலாறோ முற்றிலும் வேறு. சங்கப் பாலைப் பாடல்களில் 'கவலை' என்பது வறண்ட சுரநிலத்தில் இரண்டாகவும் மூன்றாகவும் பிரியும் கவர்த்த வழி. எந்த வழியில் போவது என்று தெரியாமல் நிற்பவனின் நிலையிலிருந்தே மனத்துயர்ப் பொருள் கிளைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. சோலைக்காட்டு ஒற்றையடிப் பாதைகளில் மூடுபனிக்குள் ஒருமுறை சிக்கியவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். வள்ளுவர் 7ஆம் குறளில் வெறுமனே கவலை என்னாமல் 'மனக்கவலை' என்று அடைகொடுத்துச் சொல்வதையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். கழுத்து நெரிபடும் உணர்வு நமக்குத் தெரியாதது அன்று. அதைத் 'துக்கம் தொண்டையை அடைக்கிறது' என்று வேறு தொடரால் சொல்கிறோம்.

'ஐ ஆம் வொர்ரியிங்' என்பதைப் பிழை என்று அடித்துவிட முடியாது. ஆயினும் ஒரு செய்தி கேட்டுக் கவலையில் இருப்பவர் 'ஐ ஆம் வொர்ரீட்' என்று எழுதுவதே இயல்பு. 'கவலைப்படு' என்பதில் உள்ள 'படு' எப்படி ஒன்றுக்கு ஆளாவதைக் காட்டுகிறதோ, அதே வேலையை அங்கே 'வொர்ரீட்' என்பதன் கடைசி 'ட்' ஈறு செய்கிறது. 'வொர்ரியிங்' என்பதோ பெரும்பாலும் கவலை தரும் செய்திக்கு அடைமொழியாக வரும்.

இனி உங்கள் நாட்குறிப்பு. உதகைக்கு அருகே சாண்டிநல்லாவில் உள்ள செம்மறி ஆராய்ச்சி நிலையத்தில் ஆடு பார்ப்பவர்களானாலும் சரி, சமவெளியில் ஆட்டு மந்தை மேய்க்கும் கீதாரிகளானாலும் சரி, 'நாய் ஆட்டைப் பிடித்துவிட்டது' என்றுதான் சொல்வார்கள். ஆடுகளைப் புதைத்ததாகத் துரையே எழுதியிருப்பதால், 'லைன் வீட்டு நாய்கள் இரண்டு செம்மறிகளைப் பிடித்துக் குதறிக் கொன்றுவிட்டன' என்று தயங்காமல் எழுதுங்கள். அதே துரை, தை மாத உறைபனியில் கொழுந்து கருகிப்போனதைப் பற்றி இச்சொல்லை வேறொரு பக்கத்தில் எழுதியிருந்தால், அங்கே உங்கள் அகராதி சொன்ன கவலையே போதும்.